பதினெட்டு வயது கேட்ட கரைவலை

1

என் விளையாட்டில் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஒரு கடற்கரை, ஒரு தோணி, ஒரு நீண்ட வலை, இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கிற இருபது பேர். நிலாவெளியில் விடிந்த கையோடு போய் நின்றால் எவரும் பார்க்கக்கூடிய காட்சிதான். அதை ஒன்றரை வருடமாக, வேலை முடிந்து வந்த பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் கணினிக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் அதற்கு வயது முத்திரை வந்தது. பதினெட்டு!

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் இருக்கிற நோர்வேயில் கணினி விளையாட்டு ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் எண் இருக்கும். மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது உகந்ததல்ல என்று அர்த்தம். பதினெட்டு என்பது ஆளைத் துண்டு துண்டாக வெட்டுகிற விளையாட்டுகளுக்குக் கொடுக்கிற எண். அந்த வரிசையில் நிலாவெளிக் கரைவலையும் போய் நின்றது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். விட முடியாமல் போனதற்குக் காரணம் அபி.

அபி என் அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள். பதினொரு வயது. பேர்கன் நகரில் அக்கா வீட்டுக் கீழ்த்தட்டில்தான் நான் குடியிருக்கிறேன் என்பதால் ஒரு நாளில் நாலு முறையாவது படியிறங்கி வருவாள். ஏழு வயது வரை தமிழில் வாயாடிய பிள்ளை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. அக்கா தமிழில் கேட்பாள், அபி நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் வயிற்றுக்குத்து வரும். ஆனால் என் விளையாட்டில் வலைக்காரர்களுக்குக் குரல் வேண்டும் என்றதும் அவளாகவே வந்து நின்றாள். நாற்பது வசனம். அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவே ஒலிவாங்கியை வைத்து, உள்ளே குந்தியிருந்து, வியர்த்து விறுவிறுத்துப் பேசினாள். ஒரு வசனத்தை என்னிடம் கேட்காமல் அம்மப்பாவிடம், அதாவது நிலாவெளியில் இருக்கிற என் அப்பாவிடம், தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திய நாளில் அக்கா குசினிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

எங்கள் பகுதி நூலகத்தில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை விளையாட்டு நாள். அங்கே இதை வைப்பதாக ஏற்பாடு. அபி வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். நூலகத்தின் விதியோ இரும்பு: முத்திரை எண்ணுக்குக் கீழான பிள்ளை அந்தத் திரைக்கு முன்னால் இருக்கக்கூடாது. பதினெட்டு என்றால் அந்த விளையாட்டே மண்டபத்துக்குள் வரக்கூடாது.

செய்தியைச் சொன்னபோது அபி சத்தம் போடவில்லை.

"அப்ப நான் ஏன் கதைச்சனான்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு தமிழில் ஒரு சொல் பேசவில்லை.

2

பிழை யாருடையது என்று பார்த்தால், என்னுடையது. உண்மையைச் சொன்ன பிழை.

முத்திரையை முதலில் ஒரு மனிதர் தீர்மானிப்பதில்லை. ஒரு நீண்ட கேள்விப் படிவம் வரும். சண்டை உண்டா? பயமுறுத்தல் உண்டா? போதைப்பொருள்? "இல்லை" என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு கேள்வி: அதிர்ஷ்டத்தின் அடிப்படையில் பலன் கிடைக்கும் செயல் ஏதும் விளையாட்டில் காட்டப்படுகிறதா?

என் கை அந்த இடத்தில் நின்றது. ஏனென்றால் காட்டப்படுகிறது.

கரைவலை தெரியாதவர்களுக்கு: ஒரு கரையில் பத்து வலை இருந்தால் பத்தும் ஒரே நேரத்தில் கடலில் இறங்க ஏலாது. ஒன்றன் மேல் ஒன்று விழும். ஆகவே முறை வைத்துத்தான் வளைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பருவம் தொடங்கும்போது எந்த வலைக்கு முதல் பாடு என்பதை எங்கள் கரையில் கோயில் முற்றத்தில் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமாரின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி, சுருட்டி, செம்புக்குள் போட்டுக் குலுக்குவார்கள். எடுப்பது ஒரு சின்னப் பிள்ளை. பெரிய ஆள் கையை விட்டால் அவர் எந்தப் பக்கம், எந்தச் சொந்தம் என்று கதை கிளம்பும். பிள்ளையின் கையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏழு வயதில் ஒரு முறை நானே எடுத்திருக்கிறேன். புதுச் சட்டை போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

அதனால் என் விளையாட்டும் அப்படித்தான் தொடங்குகிறது. ஒரு சிறுமி செம்புக்குள் கையை விடுகிறாள்.

"ஆம்" என்று தட்டினேன். கீழே விளக்கம் எழுத ஒரு பெட்டி இருந்தது. சும்மா விட்டிருக்கலாம். எனக்குத்தான் எதையும் அரைகுறையாக விட வராதே. பெருமையோடு எழுதினேன்: சீட்டை எடுப்பது ஒரு குழந்தை, மீன்பிடியில் முதல் வாய்ப்பு யாருக்கு என்பதை அது தீர்மானிக்கும், இது எங்கள் ஊரின் பழைய வழக்கம்.

படிவம் அதை வாசித்த விதம்: சிறுவர்கள் பங்குபற்றும் சூதாட்டம்.

சூதின் சுவையே பணம் போகும் பயத்தில்தானே. எங்கள் சீட்டில் எவருக்கும் எதுவும் போவதில்லை. இன்று இல்லையென்றால் நாளை, நாளை இல்லையென்றால் நாளன்றைக்கு எல்லா வலைக்கும் பாடு வரும். பத்துப் பேர் சண்டை பிடிக்காமல் வரிசையில் நிற்பதற்கான ஏற்பாட்டை, வரிசை என்றால் உயிரை விடுகிற இந்த நாட்டில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை! எனக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சீட்டுக் காட்சியை நீக்கிவிட்டால் அந்த நிமிடமே மூன்று வயது முத்திரை கிடைக்கும். செய்தும் பார்த்தேன். சீட்டு இல்லாமல் ஓட விட்டபோது இரண்டு தோணி ஒரே நேரத்தில் இறங்கி, வலை வலையோடு சிக்கி, என் கணினி மனிதர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்ததாகப் படிவம் "வன்முறை உண்டா" என்று கேட்கும். மூடிவைத்துவிட்டேன்.

3

இத்தனைக்கும் மேல்தட்டில் நடப்பதைக் கேளுங்கள்.

மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டில் சாப்பாடு. இங்கே அதுதான் இராச்சாப்பாட்டு நேரம். தொலைக்காட்சியோடு ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கிறது. அதில் உலகத்தில் உள்ள தமிழ்த் தொடர் எல்லாம் வரும். அந்தக் கிழமை ஒரு மாமியார் மருமகளின் பாயசத்தில் நஞ்சு கலந்தாள். அது மூன்று நாள் இழுபட்டது. நான்காம் நாள் மகன் மனைவியைக் கன்னத்தில் அறைந்தான். அதை மூன்று கோணத்தில், இடி முழக்கத்தோடு காட்டினார்கள். அபி புட்டைக் குழைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிள்ளை இருக்கிறாள்" என்றேன்.

"அவளுக்கு உது விளங்காது. அவள் நோர்வேப் பிள்ளை."

"அறையிறதுக்கு என்ன பாஷை?"

"நீ உன்ர சூதாட்டத்தைப் பார்" என்றாள் அக்கா. வீட்டில் இப்போது என் விளையாட்டுக்கு அதுதான் பெயர்.

அத்தான் ஒரு பக்கத்தில் இருந்து, "அந்தப் பெட்டி எந்த நாட்டுச் சட்டத்துக்குள்ளயும் வராது, மச்சாள். அது கடலில நிக்கிற கப்பல் மாதிரி" என்றார். அவர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர். எதைப் பேசினாலும் கப்பலில் கொண்டுபோய்க் கட்டுவார். ஆனால் சொன்னது சரிதான். நோர்வேத் தொலைக்காட்சியில் பெரியவர்களுக்கான படத்தை ஒன்பது மணிக்கு முன்னால் போட ஏலாது. பிள்ளைகள் படுத்துவிட்டார்கள் என்று கணக்கு. ஆனி மாதத்தில் இங்கே ஒன்பது மணிக்கு வெயில் முற்றத்தில் நிற்கும், பிள்ளைகள் பந்து அடிப்பார்கள். ஆனாலும் சட்டப்படி அது இரவு. நஞ்சுப் பாயசம் மட்டும் எந்த நேரமும் ஓடலாம்.

எங்கள் ஊர்த் தொலைக்காட்சி மட்டும் என்ன திறமாம்? நான் சிறு பிள்ளையாக இருந்தபோது படத்தில் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் அவர் வாயை மறைத்துக்கொண்டு ஒரு புகைமூட்டம் போலச் சதுரம் சதுரமாக வந்து நிற்கும். போத்தலையும் அப்படி மறைப்பார்கள். வில்லன் வாயில் மூட்டத்தோடு வருவான், கையில் வாளோடு வருவான். வாள் துலக்கமாகத் தெரியும், கழுத்தை வெட்டுவது துலக்கமாகத் தெரியும், வெட்டி முடித்துச் சிகரெட்டை வாயில் வைத்ததும் மறுபடி மூட்டம். வாளால் வெட்டுகிறவன் புகைபிடிக்கிற பழக்கத்தையாவது நமக்குக் காட்டாமல் போனானே என்று நாங்கள் ஆறுதல்பட வேண்டும் போலிருக்கிறது. முத்தக் காட்சி வந்தால் அப்பா எழும்பி வந்து திரைக்கு முன்னால் நின்று வேட்டியை இறுக்கிக் கட்டுவார். அவர் கட்டி முடிக்கக் காட்சியும் முடிந்துவிடும்.

4

சரியாகச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். எந்த அலுவலகத்திலும் இருந்தவர் அல்ல. திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இணையக் கடை வைத்திருந்த கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் நானா, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். எட்டுக் கணினி, ஒரு சுவர் விசிறி. நான் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், கடைசி மணி அடித்ததற்கும் நிலாவெளி பஸ் வருவதற்கும் இடையில் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அந்த நேரம் முழுக்க அங்கேதான். அந்தக் கடைக்கு வந்த ஒரே பெட்டைப்பிள்ளை நான். ஆகவே என்னைத் தன் மேசைக்கு நேர் முன்னால், திரை அவருக்குத் தெரியும்படி இருத்துவார்.

"நீ என்ன வேணுமெண்டாலும் விளையாடு புள்ள. ஆனா நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன். நாளைக்கு உண்ட வாப்பா வந்து கேட்டா நான் பதில் சொல்லணும்."

பெடியன்கள் எல்லோரும் சுடுகிற விளையாட்டுதான். நானா அதைத் தடுக்கவில்லை. ஒரே ஒரு சட்டம்: துவக்குச் சத்தம் வெளியே வரக்கூடாது. காதுக்குள் கேட்கிற கருவி இரண்டுதான் இருந்தது. மற்ற ஆறு பேரும் ஊமைப் படமாகச் சுட வேண்டும். ஒரு நாள் புதிதாக வந்த ஒருவன் ஒலிபெருக்கியைக் கூட்டிவிட்டான். பட்பட்டென்று வெடித்தது. நானா பாய்ந்து போய் வயரையே பிடுங்கினார்.

"என்ன நானா, விளையாட்டுத்தானே?"

"உனக்கு விளையாட்டு. அங்கால போய்ப் பாரு."

அங்கால என்றது பக்கத்துத் தையல் கடையை. அங்கே தைத்துக்கொண்டிருந்தவர் சம்பூர்ச் சண்டையில் இடம்பெயர்ந்து வந்த ஓர் அம்மா. பலகைச் சுவர்தான் இரண்டு கடைக்கும் நடுவே. நான்தான் எழும்பிப் போய் எட்டிப் பார்த்தேன். தையல் இயந்திரம் நின்றிருந்தது. துணி ஊசியில் மாட்டியபடி கிடந்தது. அந்த அம்மா மேசைக்குக் கீழே இருந்தார்.

விளையாட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதைக் கண்டபிறகு எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் நானா எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. யாருக்கு நோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த ஆள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்றும் தெரிந்திருந்தது. என் விளையாட்டைப் பார்த்து நோகப்போகிற பிள்ளை யார்? அதை அந்தப் படிவம் கேட்கவே இல்லையே!

5

மேன்முறையீடு செய்யலாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. தொலைபேசி எடுத்தேன். கோபம் வந்தால் எனக்கு நோர்வேஜிய மொழி கைவிட்டுவிடும். "என் வலை சூதாட்டம் அல்ல" என்று சொல்ல வெளிக்கிட்டு, "நான் பதினெட்டு வயது வலை அல்ல" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் இருந்த பெண் பண்பாக என் பெயரையும் விளையாட்டின் பெயரையும் கேட்டுக் குறித்தாள். பிறகு பன்னிரண்டு கேள்விகள் அனுப்புவதாகவும், அந்த வழக்கத்தை நேரில் அறிந்த ஒருவரின் பதில்களை எழுதித் தரும்படியும் சொன்னாள்.

நேரில் அறிந்தவர் என்றால் அப்பா. நான் கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் மூன்றாம் நிமிடத்தில் வேறு எதற்காகவோ சண்டை பிடிப்போம். அப்போதுதான் மூன்று நாளாக முகம் கொடுக்காத அபி படியிறங்கி வந்தாள்.

"தாங்கோ. நான் கேக்கிறன்."

படம் தெரிகிற அழைப்பில் அப்பா கரையில் நின்றார். காற்று அவர் சொல்லை அள்ளிக்கொண்டு போனது. அபி காகிதத்தோடு, வழக்கறிஞர் போல நிமிர்ந்து இருந்தாள்.

"அம்மப்பா, சீட்டில தோத்தா என்ன நடக்கும்?"

"தோக்கிறதோ? ஆர் தோத்தது?"

"பேர் கடைசியா வந்தா?"

"கடைசியா வலை வளைக்கிறது. வேறென்ன?"

"அப்ப வெண்ட ஆளுக்கு என்ன பரிசு?"

"எல்லாருக்கும் முதல் எழும்பிப் பனிக்குள்ள போய் நிக்கிறதுதான் பரிசு."

"ஆராவது பந்தயம் கட்டுறவையா?"

"எடி, உனக்கு ஆர் இதெல்லாம் சொல்லித் தாறது? கொம்மா அங்க சூது விளையாடுறாளோ?"

"இல்லை, அம்மா பாயசத்தில நஞ்சு போடுறதைப் பாக்கிறவா."

"என்னது?"

அக்கா பாய்ந்து வந்து தொலைபேசியைப் பறிக்கப் பார்த்தாள். அபி கொடுக்கவில்லை. பன்னிரண்டு கேள்விக்கு ஒரு மணித்தியாலம் ஓடியது. தெரியாத சொல் வந்தால் என்னைப் பார்க்கவில்லை, "வேற மாதிரிச் சொல்லுங்கோ அம்மப்பா" என்று அவரையே வதைத்தாள். பிறகு தானே இருந்து பதில்களை நோர்வேஜிய மொழியில் எழுதி, என்னிடம் கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

6

வியாழக்கிழமை பதில் வந்தது. சூதாட்டம் என்பதை நீக்குகிறோம், விளக்கத்துக்கு நன்றி. நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். கீழே இன்னொரு வரி இருந்தது. தகாத மொழி காரணமாகப் பன்னிரண்டு வயது.

தகாத மொழியா? எங்கே?

"அது நான்தான் எழுதினனான்" என்றாள் அபி.

பன்னிரண்டாவது கேள்வி, படிவத்தில் சொல்லாமல் விட்டது ஏதும் உண்டா என்பதாம். இவள் சொல்லியிருக்கிறாள். வலையில் மீனுக்குப் பதிலாகத் தோலை எரிக்கிற சொறி, அதாவது ஜெலிமீன், நிறைந்து வந்தால் விளையாட்டில் சம்மாட்டி ஒரு வசனம் சொல்வார்: "நாசமாப் போன சொறி! உன்ர குலமே அழிஞ்சு போகட்டும்!" எங்கள் கரையில் இதைக் காலையில் பத்துத் தடவை கேட்கலாம். அபி அம்மப்பாவிடம் கேட்டு உறுதிப்படுத்திய வசனமும் இதுதான். அவள் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருக்கிறாள். நோர்வேஜிய மொழியில் அது ஓர் இனத்தையே கருவறுக்கச் சொல்வது போல இருந்தது.

"ஏன் எழுதினனி?"

"பொய் எழுதக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் பெருமைக்கு எழுதினேன், இவள் நேர்மைக்கு எழுதியிருக்கிறாள். குடும்ப நோய்.

"சரி, பறவாயில்லை. அந்த ஒரு வசனத்தை எடுத்துப்போட்டுப் புதுசாப் படிவம் நிரப்புவம். ஒரு மணித்தியாலத்தில மூண்டு வயசு வந்திடும். சனிக்கிழமை நீ முன்னுக்கு இருந்து விளையாடலாம்."

அபி யோசித்தாள். நூலகத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி அறை. இவளுக்குப் பன்னிரண்டு ஆக இன்னும் நான்கு மாதம். தன் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருமே உள்ளே போக ஏலாது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏலாது" என்றாள்.

"என்ன ஏலாது?"

"அதுதான் நான் நல்லாச் சொன்ன வசனம். அதை எடுக்க ஏலாது."

அக்கா மேலே இருந்து கத்தினாள்: "என்ன வாய் இது! நாலு வருசமாத் தமிழ் பேசு எண்டு கெஞ்சினன். கடைசியில பேசினது இந்தக் கதையோ?"

நான் கணினியை அணைத்தேன். அந்த வசனத்தை எடுக்கவில்லை.

7

சனிக்கிழமை மழை. பேர்கனில் இதைச் சொல்லவே தேவையில்லை. நூலகத்தில் சின்னவர்களின் மண்டபம் இரைந்தது. அபியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, "எங்கே உன் விளையாட்டு?" என்று கேட்டு, மூடிய கண்ணாடிக் கதவைப் பார்த்து, போய்விட்டார்கள். அபி போகவில்லை. கதவுக்கு வெளியே கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பொறுப்பாக இருந்த இங்கிரிட் என்ற நூலகப் பெண்ணிடம் நான் போய்க் கெஞ்சினேன். உள்ளே பேசுவது இவளுடைய குரல் என்றேன். அவள் உண்மையாகவே வருந்தினாள். விதி விதிதான் என்றாள். வருத்தத்தோடு சொல்லப்படுகிற விதியைவிட எரிச்சலூட்டுவது உலகத்தில் இல்லை.

உள்ளே பெரிய பிள்ளைகள் நாலைந்து பேர் திரையைச் சுற்றி நின்றார்கள். வசனங்களுக்கு மொழிபெயர்ப்பு நான் போடவில்லை. போட்டால் எல்லோரும் எழுத்தைத்தான் பார்ப்பார்கள், தன்னைக் கேட்க மாட்டார்கள் என்று அபி ஒற்றைக்காலில் நின்றதால் விட்டுவிட்டேன். திரையில் ஒரு பக்கக் கயிறு முந்திவிட்டது. சம்மாட்டி "அங்கால விடு, இங்கால இழு" என்று கத்தினார். அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வலை கிழிந்தது. மறுபடி கிழிந்தது. கடைசியில் ஒரு பெடியன் கதவைத் திறந்து என்னிடம் கேட்க வந்தான். நான் வாயைத் திறக்க முன்னமே அபி பதில் சொல்லிவிட்டாள். அவன் உள்ளே ஓடினான். அடுத்த நிமிடம் வேறொருவன் வந்தான். பிறகு கதவை மூடவே இல்லை. ஒருவன் தன் சப்பாத்தைக் கழற்றி அதற்கு அண்டை கொடுத்தான். உள்ளே இருந்து கேள்வி, வாசலில் இருந்து பதில். சொறி வந்த நேரத்தில் அந்த வசனம் முழங்கியது. உள்ளே எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதை வாசலில் நின்று, இன்னும் உரக்க, கையை ஓங்கி ஒருமுறை சொல்லிக் காட்டினாள்.

சத்தத்துக்கு இங்கிரிட் வந்தாள். குனிந்து அபியின் கால்களைப் பார்த்தாள். இரண்டு காலும் வாசற்படிக்கு இந்தப் பக்கம்தான். பிறகு போய் ஒரு கதிரை கொண்டுவந்து, சரியாகப் படிக்கு வெளியே போட்டாள்.

ஓர் உயரமான பெண்பிள்ளை உள்ளே இருந்து, "நீதானே பேசுகிறாய்? ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்டாள். அபி அவளுக்கு நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, நான் கேட்காமலே, என் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னாள்.

"என்ர குரலுக்குப் பன்னிரண்டு வயசாகிட்டாம், சித்தி. எனக்குத்தான் இன்னும் ஆகேல்ல."